இத்தாலியின் மலையூர்களில் கோடை இசைவிழா: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள பல குடும்பங்களுக்கு இன்று இத்தாலியிலோ சுவிற்சர்லாந்திலோ ஒரு பிள்ளையோ சகோதரமோ இருக்கின்றனர். அவர்களைப் பார்க்கச் செல்லும் பெரியவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் செல்கின்றனர். சில கிழமைகள் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, உரோம் நகரையும் வெனிசையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். அதே கிழமைகளில் அந்நாட்டின் மலையூர்களிலும் ஏரிக்கரைகளிலும் ஐரோப்பியச் செவ்வியல் இசை இரவுதோறும் திறந்த வெளியில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. கூத்துக் களரியில் விடிய விடிய இருந்து பழகியவர்களும் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களும் அதற்கென மூன்று இரவுகளையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். பல ஆண்டுகள் வயலின் கற்பித்தவன் என்பதால், பயண ஒழுங்குகளைப் போலவே காதைத் தயார்படுத்தும் முறையையும் இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எத்தனை ஊர் என்பதாகும். ஒரே ஊர் போதும். ஒரு கிழமைக்குள் நான்கு விழாக்களைத் தொட்டுவர முயல்பவர் புகையிரத நிலையங்களையே அதிகம் பார்ப்பார். இவ்விழாக்கள் அந்தந்த ஊரின் சதுக்கம், தேவாலயம், சிறிய நாடகசாலை ஆகியவற்றோடு சேர்ந்து வளர்ந்தவை. பகலில் அந்த ஊரின் தெருக்களில் நடந்து, இரவில் அதே கற்சுவர்களுக்கிடையே இசையைக் கேட்கும்போதே அவற்றின் தன்மை புலப்படும்.

எந்த ஊர் என்பதற்கு நம் நாட்காட்டியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஜூலை நடுப்பகுதிக்கும் ஒகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில் வருகிறது. இத்தாலிய விழாக்களில் பெரும்பாலானவையும் அந்த நாட்களிலேயே நடைபெறுகின்றன. தீர்த்தத்தைத் தவறவிட மனமில்லாதவர்களுக்கு ஏற்றது ஸ்பொலேத்தோ. உம்பிரியா மாநிலத்தில் மலைச்சரிவில் அமைந்துள்ள இவ்வூரில் இசையமைப்பாளர் ஜான் கார்லோ மெனோத்தி 1958 இல் தொடங்கிய ‘இரு உலகங்களின் விழா’ ஜூன் இறுதியில் ஆரம்பித்து ஜூலை நடுப்பகுதியில் நிறைவடைகிறது. பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் அதன் நிறைவுக் கச்சேரி நிகழும். உரோமிலிருந்து நேரடிப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் சென்றடையலாம் என்பதால், முதல் தடவை செல்பவர்களுக்கும் முழங்கால் நோவுள்ளவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

கூத்தில் ஈடுபாடுள்ளவர்கள் மொந்தெபுல்சானோவுக்குச் செல்ல வேண்டும். தொஸ்கானா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 605 மீற்றர் உயரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் சிறிய ஊர் அது. ஜேர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்சே 1976 இல் அங்கு ஒரு விழாவைத் தொடங்கி, அதற்குக் ‘கந்தியேரே’ என்று பெயரிட்டார். கட்டுமானம் நடைபெறும் வேலைத்தளம் என்பது அதன் பொருள். வெளியூர்க் கலைஞர்கள் வந்து பாடிவிட்டுப் போவதாக அல்லாமல், ஊர்ப் பிள்ளைகளும் ஊர் வாத்தியக் குழுவும் தேர்ந்த கலைஞர்களோடு சேர்ந்து பழகி அரங்கேற்ற வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ‘பொல்லிச்சீனோ’ என்னும் சிறுவர் இசைநாடகத்தை (ஐரோப்பியர் ஓபரா என்பதை) அவர் அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகவே இயற்றினார். அது 1980 இல் அங்குள்ள சிறிய பொலித்சியானோ நாடகசாலையில் அரங்கேறியது. அண்ணாவியார் ஊருக்குள் வந்திருந்து, சட்டங் கொடுத்து, மாதக்கணக்கில் கூத்துப் பழக்கி, ஊரவரையே ஆடவைக்கும் முறையை அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் நடைபெறும் இவ்விழாவின் நிறைவுக் கச்சேரி ஊரின் உச்சியிலுள்ள பெரிய சதுக்கத்தில் நிகழும்.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு இன்னோர் இடம் இருக்கிறது. பிசா நகருக்கு வடக்கே மசச்சியூக்கோலி என்னும் ஏரியின் கரையிலுள்ள தொரே தெல் லாகோ என்ற ஊரில்தான் ஜாக்கமோ புச்சீனி பல ஆண்டுகள் வாழ்ந்து தம் இசைநாடகங்களை இயற்றினார். 1924 இல் அவர் இறந்த பின், 1930 இல் அந்த ஏரிக்கரையிலேயே அவருடைய ‘லா போஎம்’ மேடையேற்றப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த விழா இன்று ஏரியை அடுத்த பெரிய திறந்த அரங்கில் கோடைதோறும் நடைபெறுகிறது. நாணலும் நீர்ப்பறவைகளும் நிறைந்த அக்கரையில் மாலையில் நிற்கும்போது கல்லடிப் பாலத்தடியில் நிற்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்பட்டது. நுளம்பும் நம் ஊரைப் போலவே உண்டு. கைகால்களில் பூசும் மருந்தை மறக்கக் கூடாது.

தெற்கே செல்பவர்களுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. அமல்பிக் கடற்கரைக்கு மேலே மலையில் உள்ள ரவெல்லோவுக்கு 1880 இல் ஜேர்மன் இசையமைப்பாளர் ரிச்சார்ட் வாக்னர் வந்து, ரூபொலோ மாளிகைத் தோட்டத்தைக் கண்டு, தம் இசைநாடகத்தில் வரும் மந்திரத் தோட்டத்தையே கண்டதாக மகிழ்ந்தார். அத்தோட்டத்தில் கடலை நோக்கி நீட்டிக் கட்டப்படும் மேடையில் கச்சேரிகள் நிகழ்கின்றன. ஒகஸ்ட் 11 ஆந் திகதி விடியற்காலையில் சூரியன் எழும் நேரத்துக்கென ஒரு கச்சேரி வைப்பது அங்குள்ள வழக்கம். ரவெல்லோவுக்குப் புகையிரதம் கிடையாது. அமல்பியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில்தான் செல்ல வேண்டும். மற்றையது புலியா மாநிலத்தின் மார்த்தீனா பிராங்கா. ஒலிவ் மரங்களுக்கு நடுவிலுள்ள அவ்வூரில் 1975 முதல் நடைபெறும் விழா, பிற இடங்களில் அரிதாகவே மேடையேறும் இசைநாடகங்களுக்குப் பெயர்பெற்றது. பல இசைநாடகங்களை ஏற்கெனவே கேட்டவர்கள் அங்கு செல்லலாம். புதியவர்களுக்கு அது ஏற்றதல்ல. வெரோனாவின் உரோமானிய அரங்கில் 1913 முதல் நடைபெறும் இசைநாடகங்கள் மிகப் பெரிய காட்சிகள்தாம். எனினும் அது நகரத்து விழா, ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம். முதல் அனுபவம் சிறிய ஊரில் கிடைப்பதையே நான் விரும்புவேன்.

இசை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்றவர்களில் எவரேனும் கோடையில் இத்தாலியில் இருக்க நேர்ந்தால், சியெனாவிலுள்ள கீஜியானா இசைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். 1932 இல் கீதோ கீஜி சரச்சீனி என்ற பிரபு தம் மாளிகையிலேயே நிறுவிய கழகம் அது. கோடையில் உலகின் பல நாடுகளிலிருந்தும் வரும் இளம் கலைஞர்கள் அங்கு பேராசிரியர்களிடம் பயின்று, பயின்றதை மேடையிலும் இசைக்கின்றனர். சியெனாவில் ஜூலை 2 ஆந் திகதியும் ஒகஸ்ட் 16 ஆந் திகதியும் பாலியோ குதிரைப் பந்தயம் நடைபெறுவதால் அந்நாட்களை ஒட்டி அறை கிடைப்பது அரிது. அத்தோடு ஒகஸ்ட் 15 நாடு முழுவதும் விடுமுறை நாள். கடைகள் பல பூட்டியிருக்கும், புகையிரதங்கள் நிறைந்திருக்கும்.

நுழைவு அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, இத்தாலி, சுவிஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்னர் விண்ணப்பித்திருக்க வேண்டும். கோடை விசாவுக்கு மாசி, பங்குனியிலேயே ஆயத்தமாவது நல்லது. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. நம்மவர் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸில் மகளோடு மூன்று கிழமையும் இத்தாலியில் நான்கு நாளும் இருப்பவர் சுவிஸ் விசாவையே கேட்க வேண்டும். அதைக் கொண்டே இத்தாலிக்கும் சென்று வரலாம். விழாவின் நுழைவுச்சீட்டை முன்கூட்டி வாங்கியிருந்தால் அதன் பிரதியையும் பயணத் திட்டத்தோடு இணைத்துவிடுங்கள். கைவிரல் அடையாளத்துக்காகக் கொழும்புக்கு நேரில் செல்ல வேண்டியிருப்பதால், ஆவணங்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திய பின்னரே இரவுப் புகையிரதத்தில் ஏறுங்கள்; ஒரு தாள் குறைந்ததற்காக நான் இரண்டு தடவை சென்று வர நேர்ந்தது.

நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன் நிகழ்ச்சி நிரலை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘இங்ரெஸ்ஸோ லீபெரோ’ என்றிருந்தால் அனுமதி இலவசம். சிறிய ஊர்களில் தேவாலயத்திலும் முற்றங்களிலும் இத்தகைய கச்சேரிகள் நிறைய உண்டு. ‘போஸ்தோ ஊனிக்கோ’ என்றால் எல்லா இருக்கைகளுக்கும் ஒரே விலை, இலக்கமில்லை, முந்தி வருபவருக்கே முன்வரிசை. ‘ரிதொத்தோ’ என்பது மாணவர்களுக்கும் முதியவர்களுக்குமான குறைந்த கட்டணம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டை வைத்திருங்கள். ‘எஸௌரீத்தோ’ என்றால் முடிந்துவிட்டது. ‘இன் காஸோ தி பியோஜ்ஜா’ என்று தொடங்கும் வரியைத் தவறாமல் பாருங்கள். மழை பெய்தால் கச்சேரி எங்கே மாற்றப்படும் என்பது அதில் இருக்கும். எல்லாவற்றிலும் பயனுள்ள சொல் ‘புரோவா ஜெனராலே’. அரங்கேற்றத்துக்கு முன் உடை, ஒளி, வாத்தியம் அனைத்தோடும் முழுமையாக நடத்திப் பார்க்கும் ஒத்திகை அது. நம் ஊர்க் கூத்தில் அடுக்குப் பார்த்தல் என்போமே, அதுதான். சில விழாக்களில் அதற்குப் பொதுமக்களையும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ அனுமதிப்பதுண்டு. விழா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனித் தங்குமிடம். ஜூன், ஜூலையில் அங்கு சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகிவிடும். ஆகவே திறந்த வெளிக் கச்சேரிகள் ஒன்பது அல்லது ஒன்பதரைக்கே தொடங்கும், இசைநாடகமென்றால் நள்ளிரவு தாண்டும். மலையூர்களில் கடைசிப் பேருந்து அதற்குப் பல மணித்தியாலங்களுக்கு முன்னரே போய்விடும். முதல் தடவை நான் மலிவைப் பார்த்து அடிவாரத்தில் அறை எடுத்திருந்தேன். கச்சேரி முடிந்து சதுக்கத்தை விட்டு வெளியே வந்தபோது என் மருமகன், “மாமா, இனிக் காலைமையில்தான் பஸ்” என்றான். இருட்டில், நடைபாதையில்லாத மலைவீதியில், எதிரே வரும் வாகன வெளிச்சத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி இருவரும் இறங்கினோம். கேட்ட இசையை அசைபோட வேண்டிய நேரம் அச்சத்தில் கழிந்தது. எனவே அறைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் ஊர்மதிலுக்குள், சதுக்கத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் எடுங்கள். ‘அக்ரித்தூரிஸ்மோ’ எனப்படும் தோட்டவீடுகள் அழகானவை. ஆயினும் சொந்த வாகனம் இருந்தால் மட்டுமே அவை உதவும். மொந்தெபுல்சானோவின் பெயரைக் கொண்ட புகையிரத நிலையம் ஊரிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. கியூசி நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் செல்வதே சிறந்தது. பேருந்துச் சீட்டை ‘தி’ என்னும் எழுத்துப் பலகையிட்ட புகையிலைக் கடைகளில் வாங்கலாம். பிராந்தியப் புகையிரதத்துக்குக் கடதாசிச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் மேடையிலுள்ள பொறியில் அதை முத்திரையிட வேண்டும். தவறினால் தண்டம் அறவிடுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் மிகக் குறைவு.

இவை அனைத்தையும் விட முக்கியமானது புறப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களில் காதைப் பழக்குவதாகும். களரியில் அமர்ந்திருப்பவர்களில் எவரும் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பதில்லை. கதையை அறிந்தே வருகின்றனர், அந்த வரவுப் பாடலை இந்தக் கூத்தர் எப்படி ஆடிப் பாடுகிறார் என்பதைப் பார்க்கவே வருகின்றனர். இத்தாலியரும் அவ்வாறே. ஆகவே எந்த இசைநாடகத்துக்குச் சீட்டு வாங்கினீர்களோ அதன் கதையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ‘லா போஎம்’ என்றால் நான்கு அங்கங்கள், அங்கத்துக்கு ஐந்து வரி போதும். பின்னர் அதை முழுமையாக மூன்று தடவையாவது கேளுங்கள்.

வாத்திய இசைக்குத் தொடக்கமாக நான் மாணவர்களுக்குக் கொடுப்பது அந்தோனியோ விவால்தி 1725 இல் வெளியிட்ட ‘நான்கு பருவங்கள்’ என்னும் வயலின் படைப்புகளில் ‘கோடை’ என்னும் பகுதி. பத்து நிமிட அளவிலான அது மூன்று பிரிவுகள் கொண்டது. அதனோடு அச்சிடப்பட்ட கவிதை, வெயிலில் மனிதரும் மந்தையும் சோர்ந்து கிடப்பதையும், குயில் கூவுவதையும், இடி மின்னலுக்கும் மொய்க்கும் ஈக்களுக்கும் இடையில் இடையன் ஓய்வின்றித் தவிப்பதையும், இறுதியில் புயல் வந்து கதிர்களைச் சாய்ப்பதையும் சொல்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் மத்தியானத்தை அனுபவித்தவர்களுக்கு அதன் முதல் பிரிவிலுள்ள அயர்ச்சி உடனே புரியும். வேளாண்மை வெட்டுக்கு நிற்கும்போது மழை இறங்கினால் என்னவாகும் என்பதை அம்பாறையின் விவசாயிகளுக்கு மூன்றாம் பிரிவு சொல்லும்.

நம் இசையறிவு அங்கு வீணாவதில்லை. அவர்களுடைய மேஜர் ஸ்வர வரிசை நம் சங்கராபரணம். மைனரின் ஒரு வடிவம் நடபைரவி, இன்னொன்று கீரவாணி. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வரிகள் அமைத்த நோட்டு ஸ்வரங்களைச் சங்கராபரணத்தில் பாடிப் பழகியவர்களுக்கு அந்த ஒலி ஏற்கெனவே பரிச்சயம். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கஃப்ரிஞ்ஞா நடனத்துக்கு வயலின் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கும் அப்படியே. கச்சேரிக்கு முன் ஓபோ என்னும் ஊதுவாத்தியம் ஒரு ஸ்வரத்தை நீட்ட, வாத்தியங்கள் எல்லாம் அதற்குச் சேரும். நம் கணக்கில் அது ஆறு கட்டை. பாடகருக்கேற்பச் சுருதியை மாற்றும் வழக்கம் நமது. அவர்களிடம் அந்த ஆதார ஒலி அனைவருக்கும் ஒன்றே.

நமக்குக் கடினமானது ஒன்று. ஒரே இராகத்தின் ஒற்றை ஓட்டத்தைப் பின்தொடரவே நம் காது பயின்றிருக்கிறது. அங்கோ பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கும். முதல் தடவை மேலே ஒலிக்கும் வயலினையே கேளுங்கள். இரண்டாம் தடவை வயலினை விட்டுவிட்டு, அடியில் தாழ்ந்த குரலில் செல்லும் செலோ என்னும் பெரிய நரம்புவாத்தியத்தை மட்டும் தொடருங்கள். இரண்டு வயலின், வயலினை விடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, ஒரு செலோ என்று நால்வர் மட்டுமே வாசிக்கும் நால்வாத்தியக் கச்சேரி இதற்கு மிகச் சிறந்த பயிற்சி. கமகம் எங்கே என்று தேட வேண்டாம். அசைவின் இனிமையை அவர்கள் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும்போது உண்டாகும் இறுக்கத்திலும் தளர்விலும் வைத்திருக்கின்றனர். இதை உணர எனக்கு ஓராண்டு சென்றது. உணர்ந்த நாள் முதல் கீரவாணி வாசிக்கும்போதும் என் காது மாறியிருக்கிறது.

சபையில் சில ஒழுக்கங்கள் உண்டு. ஒரு படைப்பின் பிரிவுகளுக்கிடையே நிசப்தம் வரும்; அப்போது கைதட்டக் கூடாது, வாத்தியக் குழுவுக்கு முன் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கைகளை முழுமையாக இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். தொடையில் தாளம் போடுவதும், நல்ல இடத்தில் ‘ஆகா’ என்பதும் நமக்கு மரியாதை; அங்கு அது பக்கத்திலிருப்பவருக்கு இடையூறு. இசைநாடகத்தில் மாத்திரம் ஒரு தனிப்பாடல் முடிந்தவுடன் தட்டலாம்: ஆணுக்கு ‘பிராவோ’, பெண்ணுக்கு ‘பிராவா’, பலருக்கு ‘பிராவி’ என்பர். தொடங்கிய பின் வருபவர்கள் இடைவேளைவரை வெளியே நிற்க நேரலாம்.

உடையைப் பொறுத்தவரை, தேவாலயக் கச்சேரியென்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை மிகப் பொருத்தமானது. ஆனால் பதித்த கற்கள் சறுக்குமாதலால் தட்டையான செருப்பு அணியுங்கள். பகலில் எவ்வளவு வெயில் எறித்தாலும் மலையில் நள்ளிரவு குளிரும், சால்வை தேவை. கற்படியில் இரண்டு மணித்தியாலம் இருக்கச் சிறிய மெத்தை ஒன்றும் வேண்டும்.

உணவகங்கள் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும் என்பதால், கச்சேரிக்கு முன் சாப்பிட விரும்புவோர் பகலிலேயே பாணும் பாற்கட்டியும் வாங்கி வைப்பது வசதி. மரக்கறி உண்பவர்கள் ‘சென்சா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லலாம். எனினும் ரிசோத்தோ என்னும் சோற்றை இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். கல்முனை, காத்தான்குடி வாசகர்கள் ‘மயாலே’ என்பது பன்றி இறைச்சி, ‘புரொஷூத்தோ’வும் அதுவே என்பதை நினைவில் வையுங்கள். சதுக்கத்துக் குழாயில் ‘நோன் பொதாபிலே’ (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிராவிட்டால் அதன் தண்ணீரைப் பொதுவாகக் குடிக்கலாம்.

ஊரைச் சேர்ந்த நாள் மாலை ஐந்து மணிக்குச் சதுக்கத்துக்குச் சென்று பாருங்கள். பெரும்பாலும் அன்றைய ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். கடைப்படிகளிலோ தேவாலயப் படிகளிலோ ஒதுங்கி அமர்ந்தால் எவரும் எழுப்பமாட்டார்கள். நடத்துநர் நான்கு வரிகளுக்கு ஒரு தடவை நிறுத்தி, செலோக்களை மட்டும் தனியே வாசிக்கச் சொல்வார், பிறகு வியோலாக்களை, பிறகு எல்லோரையும் சேர்த்து. இரவில் ஒன்றாகக் கேட்கப்போவதன் இழைகள் அப்போது தனித்தனியே காதில் விழும். அந்த இடத்தைக் கையேட்டில் குறித்துக்கொண்டு, அறைக்குப் போய்ச் சற்று உறங்கி, ஒன்பது மணிக்குச் சால்வையோடு திரும்பி வாருங்கள்.